வட்டியில்லாத கடல்

கிரெடிட் கார்டு வச்சிருக்கிறவன் எல்லாம் கடன்காரன்னு எங்க ஆபீஸ்ல ஒரு பேச்சு உண்டு. அதக் கேட்டாலே எனக்குக் கோவம் வரும். கார்டு யாரையும் கடன்காரனாக்காது, கணக்குப் பாக்கத் தெரியாததுதான் ஆக்கும்னு சாப்பாட்டு நேரத்துல சண்டைக்கே போயிருக்கேன். ஹட்டன் டவுன்ல ஒரு அரசாங்க ஆபீஸ்ல எனக்கு கிளார்க் வேலை. சம்பளம் பெருசா ஒன்னுமில்ல. ஆனா கார்டு வாங்கின நாள்லேருந்து பேங்குக்கு ஒரு ரூபா வட்டி கட்டினதில்ல. வருசக் கட்டணம் போட்டு பில் வந்தா அன்னைக்கே போன் போட்டு, கார்டே வேணாம், வெட்டிப் போட்டுருங்கன்னு சொல்லுவேன். அந்தப் பக்கம் பேசுற பிள்ளை பதறிப்போயி கட்டணத்த எடுத்துரும். இதெல்லாம் எனக்குப் பெரிய பெருமை. இப்ப எழுதுறப்ப கூசுது.

போன வருசம் டிசம்பர் லீவுக்குக் கடலுக்குப் போகணும்னு என் மனைவிதான் ஆரம்பிச்சா. அவ சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. ஏப்ரல் வந்தா நாடே நுவரெலியாவுக்கு ஏறி வரும். றோடெல்லாம் வேன், குதிரை, ஸ்ட்ராபெரி. எங்க மலை மத்தவங்களுக்கெல்லாம் லீவு. எங்களுக்கு லீவுன்னா கம்பளிக்குள்ள சுருண்டுகிட்டு மழையப் பாக்கிறதுதான். பெரியவ ஸ்கூல்ல கடலப் பத்தி எழுதச் சொன்னாங்கன்னு டிவில பாத்தத எழுதிட்டு வந்தா. சின்னவனுக்குக் கடலும் குளமும் ஒன்னுதான்.

நான் வழக்கம்போல நோண்ட ஆரம்பிச்சேன். பெந்தோட்டைப் பக்கம் கடலோரமா ஒரு ஓட்டல். என் கார்டுக்கு ஆறு மாசத் தவணை, வட்டியில்லை. ஆனா இந்த மாதிரி எடத்துலதான் ஆளு கவுந்து போறது. வெப்சைட்ல போட்டா டொலர்ல அடிப்பான், அதுக்கு மேல வெளிநாட்டுக் காசுக் கட்டணம்னு ஒன்னு போடுவான். அதனால ஓட்டலுக்கே போன் பண்ணி ரூபாயில பேசினேன். ஒரு வருசத் தவணைன்னா பேங்குக்காரன் தனியா ஒரு கட்டணம் போடுவான், ஆறு மாசத்துக்கு அது கிடையாது. பில் முடியிற தேதிக்கு அடுத்த நாள் அடிச்சா முதல் தவணை தள்ளிப் போகும். அதையும் பாத்துத்தான் அடிச்சேன். பெரியவங்க ரெண்டு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர், பிள்ளைகளுக்குக் காசில்ல. ஒரே ரூம், மூனு நாள், சாப்பாட்டோட. ஒரு சதம் மேல போகல.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமாங்க?"ன்னு மனைவி கேட்டா. அவங்க அம்மா, அதாவது என் மாமியார், பொகவந்தலாவையில ஒரு தேயிலைத் தோட்டத்துல இன்னும் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மாமா செத்து பல வருசம். லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, தனியாத்தான் இருந்தாங்க. நான் அவங்கள அத்தைன்னு கூப்பிடுவேன், அவங்க என்னைத் தம்பின்னு கூப்பிட்டு வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. நான் மனைவிகிட்ட விளக்கினேன். அந்த ரூமுக்கு நாலு பேர்தான் கணக்கு, அஞ்சாவது ஆளப் போட்டா சலுகைக்கு வெளிய போயிரும், அதுக்கு மட்டும் தனியா முழுக்காசு. அவ சரின்னு விட்டுட்டா. என் கணக்க அவ மறுத்துப் பேசினதே இல்ல.

எல்லாம் சரியாப் போச்சு, வேன்ல வந்து முட்டிக்கிச்சு. வேன்காரத் தம்பிக்குப் பாதிக் காசு முன்னாலயே கையில வேணுமாம். கார்டெல்லாம் அவன்கிட்ட செல்லாது. கார்டப் போட்டு மெசின்ல காசு எடுக்கலாம். ஆனா எடுத்த நிமிசமே ஒரு கட்டணம், அன்னையிலேருந்தே வட்டி. இத்தனை வருசம் கட்டாத வட்டிய ஒரு வேனுக்காகக் கட்டுறதா? எனக்கு மனசு கேக்கல.

அப்பதான் அத்தையோட தீவாளி அட்வான்ஸ் ஞாபகத்துக்கு வந்துச்சு. தீவாளிக்கு முன்னால தோட்டத்துல எல்லாருக்கும் அட்வான்ஸ் குடுப்பாங்க. அப்புறம் மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சங் கொஞ்சமாப் புடிச்சுக்குவாங்க. அதுக்கும் வட்டி கிடையாது. என் கார்டு செய்யிற வேலையத்தானே தோட்டமும் செய்யுது, அத வாங்கி வேனுக்குக் குடுத்துட்டு, மாசாமாசம் புடிக்கிற காச நான் அத்தைக்குக் குடுத்துட்டாப் போச்சு. எனக்கே என் மூளைய நெனச்சு ஆச்சரியமா இருந்துச்சு. மனைவிகிட்ட சொன்னேன். "நான் எங்கம்மாகிட்ட கேக்க மாட்டேன், வேணும்னா நீங்க கேளுங்க"ன்னா.

மாமியார்கிட்ட காசு கேக்கிற மருமகன்னு எனக்கு உறுத்தத்தான் செஞ்சுச்சு. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கிட்டு பஸ் ஏறினேன். அத்தை பிளேன்டீ ஊத்திக் குடுத்துட்டு எதிர்ல உக்காராம நெலப்படியில சாஞ்சு நின்னாங்க. மருமகன் முன்னால உக்கார மாட்டாங்க. நான் சுத்தி வளைச்சு கடலுக்குப் போற விசயத்தச் சொன்னேன்.

"எல்லாருமாப் போறீங்களா தம்பி?"

"ஆமா அத்தை, எல்லாருமாத்தான்."

வேன் விசயத்தச் சொன்னேன், காசு கேட்டேன். அவங்க யோசிக்கவே இல்ல. உள்ள போயி, முந்தாநாள் வாங்கின அட்வான்ஸ அப்படியே கொண்டாந்து ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. நான் எண்ணாம பைக்குள்ள வச்சேன். எண்ணினா மரியாதையா இருக்காதுன்னு ஒரு நெனப்பு.

"பேர் போட்டாச்சுங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க.

"போட்டாச்சு அத்தை. போன வாரமே போட்டாச்சு."

அவங்க முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. ஓட்டல் புக் பண்ணியாச்சான்னு கேக்கிறாங்கன்னுதான் நான் பதில் சொன்னேன். ஆனா தோட்டத்துல பேர்னா வேற. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போயி நின்னு கணக்கப்பிள்ளை பேர் போட்டாத்தான் அந்த நாள் உங்க நாள். பேர் போட்டாச்சுன்னா நீங்களும் கணக்குல உண்டு. நானும் லயத்துல பொறந்தவன்தான், இது எனக்குத் தெரியாததில்ல. மண்டைக்குள்ள புக்கிங்கும் தவணையும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவங்க கேட்டது, என் பேரையும் போட்டுட்டீங்களான்னு.

தீவாளிக்கு அத்தை பழைய சேலையிலதான் வந்தாங்க. மகள் கோவிச்சுக்கிட்டதுக்கு, இருக்கிறதே போதும்னு சொல்லிட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். பெரியவளுக்கு மத்தாப்பு கொளுத்திக் குடுத்துக்கிட்டு ஒன்னும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

பயணத்துக்கு முதல் நாள் சாயந்தரம் நாங்க பை கட்டிக்கிட்டு இருந்தோம். வாசல்ல அத்தை. கையில ஒரு பை, கால்ல புதுச் செருப்பு. பக்கத்து வீட்டுப் பொண்ணு கடலுக்குப் போட்டுக்கிட்டுப் போங்கன்னு தன் செருப்பக் குடுத்துச்சாம். மூனு நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்னு கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லியாச்சாம். "மருமகன் கடலுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு லயம் பூராவும் பேச்சு தம்பி"ன்னு என்னைப் பாக்காம பெரியவ தலையத் தடவிக்கிட்டே சொன்னாங்க.

மனைவி ஒரு நிமிசம் அம்மாவப் பாத்தா, என்னைப் பாத்தா. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள என் கையப் புடிச்சு குசினிக்குள்ள, அடுப்புப் பக்கமா, இழுத்துக்கிட்டுப் போயிட்டா. திட்டப் போறான்னு நெனச்சேன். கண்ணெல்லாம் கலங்கி நிக்கிறா.

"கள்ளன் நீங்க. நாலு பேர்தான் கணக்குன்னு எங்கிட்ட சொல்லிட்டு, பின்னால போயி அம்மாவுக்கும் சொல்லியிருக்கீங்க."

கல்யாணமாகி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. அவ என்னை அப்படிப் பாத்ததே இல்ல. அத வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. "சும்மா இரு, வெளிய கேக்கப் போகுது"ன்னேன். அந்தப் பேர எனக்கே எடுத்துக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்குப் பெரிய துண்டா மீன் வச்சா.

வேன்ல அத்தை ஜன்னலோரம். வழி பூராவும் பிள்ளைகளோட பேச்சு. மலை இறங்கி கினிகத்தேனை தாண்டி வெயில் ஏறினதும் சுவெட்டரக் கழட்டி மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, கடல் உப்பா இருக்குமாமேன்னு சின்னவன்கிட்ட சந்தேகம் கேட்டுக்கிட்டு வந்தாங்க. என் தலைக்குள்ள ஒரே ஒரு விசயம்தான். ஓட்டல்ல போயி இறங்கினா அங்க அத்தையோட பேர் இருக்காது. அது அத்தைக்குத் தெரியக்கூடாது, மனைவிக்கும் தெரியக்கூடாது. வேற எதப் பத்தியும் எனக்கு யோசிக்க முடியல.

இறங்கினதும் பிள்ளைகள் நீச்சல் குளத்தப் பாத்துட்டு ஓடிருச்சுங்க. மனைவி பின்னால ஓடினா. கவுண்டர்ல நான். நாலு அடி தள்ளி பைகளுக்குப் பக்கத்துல அத்தை. கவுண்டர்ல இருந்த பொண்ணு சின்ன வயசு, நல்ல மரியாதை. சிங்களத்துலதான் பேசினோம். கம்ப்யூட்டரப் பாத்துட்டு, பெரியவங்க ரெண்டு பேர்னுதானே சார் இருக்கு, அந்த அம்மாவும் உங்களோடவான்னு கேட்டுச்சு.

கூட ஒரு ஆளுன்னா எவ்வளவுன்னு குரலத் தாழ்த்திக் கேட்டேன். அது சொன்ன தொகையில எனக்குத் தலை சுத்திருச்சு. அதுக்குத் தவணையும் கிடையாது, இப்பவே கட்டணும். கார்டுன்னா நூத்துக்கு மூனு ரூபா கூட. அது கம்பனிக் கட்டணம் சார்னு மன்னிப்புக் கேக்கிற மாதிரி சொல்லிச்சு. மத்தவங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பாங்கன்னு தெரியல. எனக்கு அந்த மூனு ரூபாதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. மாமியாரப் பக்கத்துல வச்சுக்கிட்டு நூத்துக்கு மூனுன்னா மொத்தம் எவ்வளவு வருதுன்னு மனசுக்குள்ள பெருக்கிக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பொண்ணு நான் முழிக்கிறதப் பாத்துட்டு அதுவாவே வழி சொல்லிச்சு. பிள்ளைகளப் பாத்துக்க வந்த ஆயாவா சார் அவங்க? அப்படின்னா பின்பக்கம் டிரைவர்மார் ரூமுக்குப் பக்கத்துல ஆயாமாருக்கு ரூம் இருக்கு, சாப்பாட்டோட சின்னத் தொகைதான்.

"ஓவ்"ன்னேன். சிங்களத்துல ஆமான்னு அர்த்தம். அந்த ஒரு சொல்லுதான் நான் சொன்னது. சின்னத் தொகையக் காசாவே எடுத்துக் குடுத்தேன். வேனுக்குக் குடுத்தது போக அத்தையோட அட்வான்ஸ்ல மிஞ்சின காசு அது.

அத்தைக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். சின்ன வயசுல அவங்கள கொழும்புல ஒரு பங்களாவுக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க. கல்யாணம் முடிக்கிற வரைக்கும் அங்கதான். அந்தக் கதைய அவங்க பேசவே மாட்டாங்க, மனைவிதான் ஒருநாள் சொன்னா. எல்லாம் தெரிஞ்சும் திரும்பிப் பாக்கிற வரைக்கும் அது என் புத்தியில ஏறல. திரும்பினேன். அத்தை என்னைப் பாக்கல. அந்தப் பொண்ணப் பாத்து லேசாத் தலையக் குனிஞ்சு, "எந்தப் பக்கம் நோனா?"ன்னு சிங்களத்துல கேட்டாங்க. வேலைக்காரங்க எசமானியம்மாவத்தான் நோனான்னு கூப்பிடுவாங்க. அந்தக் குரல நான் அதுக்கு முன்னால கேட்டதில்ல. ரெண்டு கையிலயும் எங்க பைகளத் தூக்கிக்கிட்டாங்க. நான் ஒன்ன வாங்கப் போனேன்.

"விடுங்க தம்பி, பாக்கிறாங்க"ன்னாங்க மெதுவா.

மனைவி வந்து அம்மா எங்கன்னு கேட்டப்ப அத்தைதான் பதில் சொன்னாங்க. "நான்தான் தம்பிகிட்ட தனியா ஒரு ரூம் கேட்டேன். எனக்கு இந்த ஏசி ஒத்துக்காது. பின்னால நல்லாக் காத்து வருது." மனைவிக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்த மனுசன்கிட்ட தனி ரூம் வேற கேட்டியாம்மான்னு அம்மாவத்தான் திட்டினா. அத்தை சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க. நான் நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தை பெரிய ஹாலுக்கு வரல. ஆயாமாருக்கு அங்க எடமில்ல. அவங்க மகள்கிட்ட சொன்னது, கண்ட கண்ட சாப்பாடெல்லாம் எனக்குச் சேராதுன்னு. நான் இறாலும் கேக்கும் தட்டு நிறைய எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காசு குடுத்த சாப்பாடாச்சேன்னு தின்னும் தீர்த்தேன்.

வேன்காரத் தம்பி பக்கத்து ரூம்தான். மறுநாள் காலையில என்னைப் பாத்ததும், "என்னண்ணே, அம்மாவுக்கு முன்னால ரூம் கிடைக்கலயா?"ன்னான். அவங்களே கேட்டாங்கன்னு நானும் அதே பொய்யச் சொன்னேன். அவன் சரின்னு வேனத் துடைக்கப் போயிட்டான்.

கடல்ல மட்டும் அத்தை நல்லா இருந்தாங்க. சேலைய முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கிட்டு, ரெண்டு பிள்ளைகளையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு, அலை வந்தா மூனு பேரும் ஒன்னாக் கத்துறது. அலை போனதும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. மனைவி என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, இது போதுங்கன்னா. எனக்கு அங்கயே எங்கயாவது ஓடிப் போயிரலாம் போல இருந்துச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் கவுண்டருக்குப் போனேன். காசு போனாப் போகுது, மூனு ரூபாயும் போகுது, எங்க ரூம்லயே ஒரு கட்டில் போட்டுரலாம்னு கார்டக் கையிலயே வச்சுக்கிட்டுத்தான் போனேன். அந்தப் பொண்ணு, சொல்லுங்க சார்னுச்சு. என்னத்தச் சொல்றது? அந்த ஆயா என் மாமியார், நேத்து நான் சொன்னது பொய், இப்ப ரூமுக்குள்ள விடுங்கன்னா? குடிக்கத் தண்ணி ரெண்டு போத்தல் அனுப்பச் சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். கணக்குப் பாத்துச் செஞ்ச காரியத்த மாத்தக் காசு மட்டும் பத்தாதுன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

கடைசி நாள் காலையில கிளம்பி எல்லாரும் கவுண்டர் பக்கம் நின்னோம். சாவியக் குடுத்துட்டேன். கட்ட வேண்டியது ஒன்னுமில்ல சார்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன். அப்ப அது என் மனைவி பக்கம் திரும்பி சிங்களத்துல, "உங்க ஆயா எவ்வளவு நல்லவங்க மிஸ், பிள்ளைகள் மேல உசுரையே வச்சிருக்காங்க. எங்க அக்கா கொழும்புல இப்படி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டு இருக்கா. இவங்க ஊர்ல வேற யாராவது இருப்பாங்களா?"ன்னு கேட்டுச்சு.

மனைவிக்கு முதல்ல புரியல. யாரச் சொல்றான்னு சுத்திப் பாத்தா. அம்மா கையில பைகளோட ரெண்டு அடி பின்னால நிக்கிறதப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. பின்பக்க ரூம், சாப்பாடு, ஏசி, எல்லாம் ஒன்னொன்னா அவளுக்குள்ள ஓடினது எனக்கு அப்படியே தெரிஞ்சுச்சு. நான் தரையப் பாத்தேன்.

அவ அம்மா பக்கத்துல போயி தோளப் புடிச்சுக்கிட்டு, "மகே அம்மா"ன்னா. இது என்னோட அம்மான்னு ஒவ்வொரு எழுத்தா அழுத்திச் சொன்னா.

அந்தப் பொண்ணோட சிரிப்பு நின்னுருச்சு. அது அத்தையப் பாத்து, கம்ப்யூட்டரப் பாத்து, கடைசியா என்னைப் பாத்துச்சு. நான் ஏதாவது சொல்லணும். ஆமா, என் மாமியார்தான், காசுக்காக நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லணும். கார்டு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அதத்தான் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

அத்தை மகளோட கையத் தன் தோள்லேருந்து மெதுவா எடுத்து விட்டாங்க.

"இல்ல நோனா"ன்னாங்க சிங்களத்துல, அதே குனிஞ்ச குரல்ல. "சின்னதுலேருந்து வளத்தேன், அதனால என்னை அம்மான்னுதான் கூப்பிடும். நான் வேலைக்கு வந்தவதான்."

மனைவி "அம்மா"ன்னு கூப்பிட்டா. அவங்க திரும்பல. சின்னவன இடுப்புல ஏத்திக்கிட்டு, பெரிய பையத் தோள்ல போட்டுக்கிட்டு வேன் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. மனைவி பின்னாலயே ஓடினா.

அந்தப் பொண்ணுக்கு நிம்மதியாயிருச்சு. அவங்க போறதப் பாத்துக்கிட்டே என்கிட்ட, "நல்ல குடும்பம் சார் உங்களுது. வேலைக்கு வந்தவங்களக் கூட அம்மான்னு கூப்பிடுறீங்க"ன்னு சொல்லிச்சு.

நான் அதுக்கு நன்றி சொல்லிட்டு வந்து வேன்ல ஏறினேன்.